நஞ்சினால் ஆற்றுதல்: ஓர் அறவியல் வினா

ஒரு பொருள் நஞ்சா மருந்தா என்பதைத் தீர்மானிப்பது எது? அப்பொருளின் இயல்பா, அதன் அளவா, கொடுப்பவரின் நோக்கமா, அன்றிப் பெறுபவரின் உடன்பாடா? வினா பழையது. மெய்யியல் வகுப்பறையில் எழுப்பப்படும்போது அது ஒரு பயிற்சி வினாவாக நின்றுவிடலாம். ஆனால் கல்முனையிலிருந்து கொழும்பு செல்லும் இரவுப் பேருந்தில், மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கான குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது பயிற்சி வினா அன்று. நாளைக் காலை தம் தாயின் நரம்பிலே ஏற்றப்படவிருப்பது, தொழிற்பாட்டளவில், ஒரு நஞ்சு என்பதை அக்குடும்பத்தில் எவரேனும் ஒருவர் அறிந்திருப்பார். அதனைத் தாய் அறிந்திருக்கிறாரா என்பது வேறு வினா. அதற்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் வருவோம்.

முதலில் அந்நஞ்சு செய்வது யாதென நோக்குவோம். கருவுடைய மனிதக் கலம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ. சுருண்டு மடிந்து கிடக்கின்றது. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரு இழைகளால் ஆனது அது. கலம் பிரிந்து இரண்டாக வேண்டுமெனில் முறுக்கு அவிழ்ந்து இழைகள் இரண்டும் விலக வேண்டும்; விலகிய ஒவ்வோர் இழையின் எதிரிலும் புதிய இழை ஒன்று கட்டியெழுப்பப்பட வேண்டும். நைதரசன் கடுகு எனும் சேர்வையின் மூலக்கூற்றுக்கு இரு கைகள் உள. ஒரு கை ஓர் இழையிலுள்ள குவானீனைப் பற்றுகின்றது. மறு கை எதிர் இழையிலுள்ள குவானீனைப் பற்றுகின்றது. இரு இழைகளும் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. மருதமுனைத் தறிகளை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிட்டாலன்றி நாடா ஊடே ஓடாது. இரண்டு இழைகளைப் பசையிட்டு ஒட்டிவிட்டால் போதும், நெசவு அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

பிளாற்றினத்தை மூலமாகக் கொண்ட சிஸ்பிளாற்றின் இதனையே சற்று வேறு வகையில் செய்கின்றது. அது பெரும்பாலும் ஒரே இழையில் அடுத்தடுத்துள்ள இரு குவானீன்களைப் பற்றி அவ்விழையையே வளைத்துவிடும். இச்சேர்வை 19ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளருக்குத் தெரிந்திருந்தது, பயன் தெரிந்திருக்கவில்லை. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெற் ரோசன்பேர்க் என்பவர் மின்புலத்தில் பற்றீரியங்கள் எவ்வாறு வளர்கின்றன என ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை வளர்ந்தன, ஆனால் பிரியவில்லை, நீண்ட நூல்களாயின. காரணம் மின்சாரமன்று, மின்வாயிலிருந்து கரைந்த பிளாற்றினம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1978இல் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. இதுபோன்ற தற்செயல்கள் விஞ்ஞான வரலாற்றில் அதிகம் போற்றப்படுகின்றன. பிரியாத பற்றீரியத்தைக் கண்டு எரிச்சலடையாது நின்று நோக்கிய பொறுமையைப் போற்றுவதே பொருந்தும்.

இவ்விடத்து ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. மருந்து கலத்தை நேரே கொல்வதில்லை. அதன் ஏட்டைச் சிதைக்கின்றது. சிதைவை உணர்ந்த கலம் பிரிவை நிறுத்தித் திருத்த முனைகின்றது. திருத்த இயலாதெனக் கண்டால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டினைத் தொடக்கிவிடுகின்றது. திருத்துதல் கலத்துக்குப் புதிய பணியன்று. மருந்து எதுவும் இல்லாதபோதும், சாதாரண நாளொன்றில், ஒரு கலத்தின் டி.என்.ஏ.யில் பல்லாயிரம் சிதைவுகள் நேர்ந்து சீராக்கப்படுகின்றன. இச்சீராக்கத்தின் வழிகளை வெளிக்கொணர்ந்தமைக்காகத் தோமஸ் லிண்டால், போல் மொட்ரிச், அசீஸ் சன்கார் ஆகிய மூவரும் 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். துருக்கியின் சாவூர் எனும் சிறு நகரிற் பிறந்த சன்கார் விளக்கிய வெட்டித் திருத்தும் முறையே சிஸ்பிளாற்றின் இட்ட முடிச்சுகளையும் அகற்றுவது.

ஆகவே மருந்து நல்ல கலத்தையும் தீய கலத்தையும் வேறுபடுத்தி அறிவதில்லை. இரண்டிலும் ஒரே முடிச்சையே இடுகின்றது. வேறுபாடு முடிச்சு விழுந்த பின்னரே தோன்றுகின்றது. நிதானமாக வாழும் கலத்துக்குத் திருத்த அவகாசமுண்டு. ஓயாது பிரியும் புற்றுக்கலம், திருத்தும் திறனும் பல வேளைகளிற் குன்றியதாக, சிதைந்த ஏட்டுடனே அடுத்த பிரிவுக்குள் நுழைந்து மடிகின்றது. ஆனால் உடலில் விரைந்து பிரிவன புற்றுக்கலங்கள் மட்டுமல்ல. மயிரின் வேர், குடலின் உட்தோல், குருதியைப் பிறப்பிக்கும் என்புமச்சை ஆகியனவும் அத்தன்மையனவே. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், சிறு காய்ச்சலும் உயிராபத்தாவதும் இதனாலேயே. மச்சை மீண்டெழுவதற்காகவே இரண்டு மூன்று வாரங்கள் இடைவெளி விட்டு மருந்து ஏற்றப்படுகின்றது. அவ்விடைவெளி தேவைக்கு மிஞ்சி நீண்டால் மீண்டெழுவது மச்சை மட்டுமன்று. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, தவணை தள்ளிப்போனவர்களின் அச்சம் காரணமற்ற அச்சம் அன்று.

இதனைப் போரின் மொழியிற் பேசுவது உலகவழக்காகிவிட்டது. புற்றுநோய்க்கு எதிரான போர் என்பர். தாக்குதல், படையெடுப்பு, எதிரி என்பர். இவ்வுவமை எமது கரையில் வேறு நினைவுகளை எழுப்புகின்றது. சுற்றிவளைப்பின்போது ஊர் முழுவதும் மைதானத்துக்கு அழைக்கப்பட்டு வெயிலில் அமர்த்தப்பட்டதையும், முகம் மூடிய தலையாட்டி ஒருவன் தலையசைத்தோர் தனியே கொண்டுசெல்லப்பட்டதையும் 1980களிலும் 1990களிலும் கிழக்கில் வாழ்ந்தோர் அறிவர். இரசாயன சிகிச்சையில் தலையாட்டி கூட இல்லை. ஒருவனைத் தேடி ஊர் முழுவதையும் அடிக்கும் முறை அது. நாம் வாழ்விற் கண்டித்த ஒன்றை வைத்தியசாலையில் எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றோம்?

இவ்வினாவுக்கு ஒரு நேரிய விடையுண்டு. ஊர் என்பது பலர். உடல் என்பது ஒருவர். சுற்றிவளைப்பிலே வெயிலில் வாடியவர் ஒருவர், அதனால் ‘பாதுகாப்பு’ப் பெற்றதாகச் சொல்லப்பட்டவர் வேறொருவர். சிகிச்சையில் நோவைச் சுமப்பவரும் நலத்தைப் பெறுபவரும் ஒருவரே. மச்சைக் கலத்துக்கு உரிமையில்லை. அதற்கு அநீதி இழைக்க முடியாது. அநீதி இழைக்கப்படக்கூடியவர் நோயாளி மட்டுமே. அவரோ தம் உயிருக்காகத் தம் மச்சையைப் பணயம் வைக்கின்றார். எனவே போர் உவமை பிழையானது மட்டுமன்று, தீங்கானதுமாகும். பலரைத் தாக்கும் செயலுக்கு அது ஒரு வைத்தியனின் வெள்ளை அங்கியை அணிவித்துவிடுகின்றது. ஓர் இனத்தை அல்லது சமூகத்தைப் ‘புற்று’ எனப் பேசிய அரசியல்களின் முடிவு யாது என்பதை வரலாறு அறிந்தோர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

எனினும் ‘ஒருவரே’ என்ற இவ்விடை நாம் விரும்பும் அளவுக்கு உறுதியானதன்று. காலம் அதனைத் தளர்த்துகின்றது. டி.என்.ஏ.யைச் சிதைக்கும் மருந்து சாதாரண கலத்தில் விட்டுச்செல்லும் திருத்தப்படாத பிழை தானே ஒரு புதிய புற்றுக்கு வித்தாகலாம். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் நைதரசன் கடுகு உள்ளிட்ட நான்கு மருந்துகளைச் சேர்த்து ஹொட்ச்கின் நோய்க்குச் சிகிச்சையளித்தனர். முற்றிய நிலையில் அதுவரை ஏறக்குறைய மரணதண்டனையாக இருந்த அந்நோயிலிருந்து ஏறத்தாழப் பாதிப்பேர் மீண்டனர். மகத்தான வெற்றி அது. ஆனால் மீண்டோருட் சிலருக்கு ஐந்து, பத்து ஆண்டுகளின் பின்னர் குருதிப்புற்று வந்தது. ஆண்களிற் பெரும்பாலோர் மகப்பேற்றுத் திறனை இழந்தனர். இருபது வயது இளைஞன் வைக்கும் பணயத்தை முப்பது வயதில் அவனே செலுத்துகின்றான் என்பது உண்மை. ஆனால் முப்பது வயதினனைக் கேட்டு இருபது வயதினன் கையொப்பமிடவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்குச் சிகிச்சையளிக்கும்போது கையொப்பமிடுபவர் அக்குழந்தை கூட அல்லர்.

இவ்வகைச் சிகிச்சையின் தோற்றத்தை நோக்கினால் ‘ஒருவரே’ என்னும் விடை மேலும் தளர்கின்றது. 1942 ஓகஸ்ற் 27ஆம் நாள், யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைத்தியசாலையில், போலந்திலிருந்து குடியேறிய ஒருவருக்கு நைதரசன் கடுகு முதன்முறையாக நரம்பில் ஏற்றப்பட்டது. அவருக்குக் கழுத்திலும் தாடையிலும் நிணநீர்ப் புற்று. கதிர்வீச்சு கைவிட்ட நிலை. அல்பிரட் கில்மன், லூயிஸ் குட்மன் எனும் மருந்தியலாளர் இருவர் போர்த் தேவைக்காக இரசாயன ஆயுதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அச்சேர்வை வெண்குருதிக் கலங்களை அழிப்பதனைக் கண்டு, அதே அழிவை நோய்க்கெதிராகத் திருப்பலாமெனக் கருதினர். கட்டி வியக்கத்தக்க வகையிற் சுருங்கியது. பின் திரும்பி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதலாம் நாள் அவர் காலமானார். போர் இரகசியம் கருதி அவரது மருத்துவக் குறிப்பில் மருந்தின் பெயர் எழுதப்படவில்லை. ‘எக்ஸ் பொருள்’ என்றே குறிக்கப்பட்டது. 1946 வரை உலகம் இதனை அறியவில்லை.

ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1943 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, இத்தாலியின் பாரித் துறைமுகத்தை ஜேர்மன் விமானங்கள் தாக்கின. அங்கு நின்ற அமெரிக்கக் கப்பலான ஜோன் ஹாவியில் கடுகு வாயுக் குண்டுகள் இரகசியமாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்தது. நீரில் மிதந்த எண்ணெயோடு நஞ்சு கலந்தது. கடலிலிருந்து மீட்கப்பட்டோர் அதிர்ச்சியுற்றோராகக் கருதப்பட்டு, எண்ணெய் தோய்ந்த உடையுடனே கம்பளியாற் போர்த்தப்பட்டனர். அவர்கள்மீது படிந்திருப்பது யாதென வைத்தியர்களுக்கு எவரும் சொல்லவில்லை. உடையைக் களைந்து கழுவியிருந்தாற் பலர் பிழைத்திருப்பர். வைத்தியசாலை சேர்ந்த 600க்கும் மேற்பட்ட படையினருள்ளும் கடலோடிகளுள்ளும் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நகரமக்களில் இறந்தோர் முறையாக எண்ணப்படவேயில்லை. ஆராயவந்த ஸ்ருவேட் அலெக்சாந்தர் என்னும் இராணுவ வைத்தியர் இது கடுகு வாயுவே எனத் துணிந்து எழுதினார்; வெண்குருதிக் கலங்கள் வீழ்ந்தமையையும் குறித்தார். பாரியிலிருந்தே இரசாயன சிகிச்சை பிறந்தது எனப் பலர் எழுதுவதுண்டு. காலவரிசை அதற்கு இடந்தரவில்லை, யேல் முந்தியது. ஆயினும் பாரியின் சடலங்கள் அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டின என்பது மெய்.

யேலில் நஞ்சு ஏற்றப்பட்டவரும் பாரியில் நஞ்சில் நீந்தியோரும் ஏற்ற பொருள் ஏறக்குறைய ஒன்றே. நோக்கத்தில் அவர்கள் வேறுபட்டனர் என்று கூறி நிறுத்திக்கொள்வதே வழக்கம். எமக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. ஜோன் ஹாவியில் குண்டுகளை ஏற்றியோரும் தம் படையைக் காக்கவே ஏற்றினர். நல்ல நோக்கத்துக்கு அங்கும் பஞ்சமில்லை. பாரியிற் பலரைக் கொன்றது நஞ்சு மட்டுமன்று, நஞ்சின் பெயர் மறைக்கப்பட்டமையுமாகும்.

எமது பிரதேசத்தின் பக்கம் இன்னொரு கதையும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் நன்றன்று. 1928 முதலாக லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் பம்பாயின் துணியாலைகளில் உழைத்த கர்ப்பிணிப் பெண்களின் குருதிச்சோகையை ஆராய்ந்து, அதனைத் தீர்க்கும் காரணி ஒன்று ஈஸ்ற்றுச் சாறாகிய மாமைற்றில் உண்டெனக் கண்டார். இலங்கையில் பாணுக்குப் பூசும் அதே மாமைற்தான். அக்காரணி பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பராவ் தலைமையிலான குழுவினர் போலிக் அமிலத்தையும் அதனை ஒத்து ஏமாற்றும் போலிகளையும் ஆக்கினர். பொஸ்ரனில் சிட்னி பாபர் குருதிப்புற்றுற்ற குழந்தைகளுக்கு முதலிற் போலிக் அமிலத்தையே கொடுத்தார். நோய் முடுகியதாகத் தோன்றிற்று. பின்னர் அதன் எதிரியான அமினொப்ரெரினைக் கொடுத்தார். 1948இல் வெளியான அவரது அறிக்கையின்படி 16 குழந்தைகளுட் பத்துப்பேர் தற்காலிகமாகத் தேறினர். இம்மருந்து டி.என்.ஏ.யை முறிப்பதில்லை, அதனைக் கட்டுவதற்கான மூலப்பொருளைப் பட்டினி போடுகின்றது. சுப்பராவ் அவ்வாண்டிலேயே காலமானார். அவர் பெயரை எமது பாடநூல்கள் இன்னும் உரியவாறு உச்சரிக்கவில்லை.

பம்பாய்ப் பெண்ணை ஆற்றிய பொருள் பொஸ்ரன் குழந்தையின் நோயை முடுக்கியது. அக்குழந்தைக்கு உதவியது அப்பொருளின் எதிரி. ஆகவே நஞ்சு, மருந்து என்பன பொருள்களின் பெயர்களல்ல. பொருளுக்கும் குறித்த ஓர் உடலுக்கும் இடையிலான உறவின் பெயர்கள் என்க.

இஸ்லாமியச் சட்டச் சிந்தனை இதனை நன்கறிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்த ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா, நஞ்சு கலந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகையில், மரணமோ புத்தி மயக்கமோ விளைவதே மிகுதியெனின் அவை கூடா, தப்புதலே மிகுதியாயிருந்து பயனும் எதிர்பார்க்கப்படின் கூடும் என்னும் கருத்துப்பட எழுதினார். அதனினும் கொடியது ஒன்றைத் தடுப்பதற்காகவே இவ்வச்சத்தை ஏற்கின்றோம் என்பது அவரது நியாயம். பெருந்தீங்கைச் சிறுதீங்கால் நீக்கலாம் என்ற சட்டவிதியும் யாவரும் அறிந்ததே. எமது கரையோர மௌலவிமார் இதனை மேற்கோள் காட்டுவதிற் குறைவைப்பதில்லை. ஆனால் அதே சட்ட மரபின் மற்றொரு கூறு குறைவாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. அனுமதியோடு சிகிச்சை செய்த திறமையான வைத்தியன் நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பாளியல்லன். அனுமதியின்றிச் செய்தவன் பொறுப்பாளி என்பதே அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. இரு வைத்தியரும் ஒரே கத்தியால் ஒரே இடத்தை அறுத்திருக்கலாம். வேறுபாடு கத்தியில் இல்லை. வள்ளுவரும் மருத்துவத்தை நான்கு கூறாக்கியபோது நோயுற்றவரையே முதலில் வைத்தார். அருகிருந்து பேணுவோரை இறுதியில் வைத்தார்.

எமது ஊர்களிலோ இவ்வரிசை தலைகீழாகின்றது. நோயின் பெயரே உச்சரிக்கப்படுவதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பர். “உம்மாக்குச் சொல்லிடாதீங்க டொக்டர்” என்பது விடுதியின் வாசலிலே மக்கள் முதலிற் சொல்லும் வாக்கியம். தாய்க்கு வயிற்றிற் புண் என்றோ, இரத்தம் குறைவு என்றோ சொல்லப்படும். அன்பினாலேயே இது நிகழ்கின்றது. அதனை ஐயுறுவார் இலர். அறிந்தால் உடைந்துவிடுவார், உண்ணமாட்டார், சிகிச்சைக்கு இணங்கமாட்டார் என்பர். தனிமனிதனை மட்டும் கண்டு குடும்பத்தைக் காணாத மேனாட்டு அறவியலை இங்கே இறக்குமதி செய்யலாகாது என்ற வாதமும் உண்டு. அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. எமது தாய்மாரிற் பலர் தாமே எல்லாவற்றையும் மகனிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். அறியாதிருப்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒப்படைத்தல் வேறு, பறித்தல் வேறு. “நீங்களே பாத்துக்கொள்ளுங்க மகன்” என்று தாய் சொன்னால் அது அவருடைய முடிவு. அவ்வாறு சொல்வதற்கு முன்னரே, எதைப் பார்த்துக்கொள்வது என்பதையே மறைத்துவிட்டால், அவரிடம் ஒப்படைப்பதற்கு எஞ்சியிருப்பது யாது? தந்தையாகும் திறனை மருந்து பறிக்கலாமென முன்கூட்டிச் சொல்லப்பட்ட இளைஞன், விந்தணுவை உறையவைத்துப் பேணும் வழியைத் தேடலாம்; சொல்லப்படாதவன் தேடமாட்டான். சொத்துப் பிரிக்கவேண்டியவர், கடன் தீர்க்கவேண்டியவர், பகைத்துநின்ற சகோதரியை அழைத்துப் பேசவேண்டியவர், ஹஜ்ஜுக் கடமையை எண்ணிக்கொண்டிருந்தவர் ஆகிய எல்லோருக்கும் காலம் ஒரு பொருள். அதனை அவர்களிடமிருந்து ஒளித்து வைக்கின்றோம். உடலின் மிக ஆழமான ஏட்டில் முடிச்சிடும் ஒரு செயலை ஒருவர்மீது செய்துகொண்டே, அச்செயலின் பெயரை அவருக்கு மறுக்கின்றோம். ‘எக்ஸ் பொருள்’ என எழுதியோர் போர்க்காலத்தில் வாழ்ந்தனர் என்ற சமாதானமும் எமக்கில்லை.

மறைப்பின் பயன் தானும் நீடிப்பதில்லை. டொக்சோறுபிசின் என்றொரு மருந்து உண்டு. டி.என்.ஏ.யின் படிகளுக்கிடையே நுழைந்து, அதன் முறுக்கை வெட்டி அவிழ்த்து மீள ஒட்டும் நொதியத்தை, வெட்டியபின் ஒட்டவிடாது தடுத்துவிடும். நிறம் செம்மை. அதனை ஏற்றிக்கொண்டவரின் சிறுநீர் ஓரிரு நாள் சிவந்திருக்கும். அது குருதியன்று, தீங்குமன்று, மருந்தின் நிறமே. தாதியர் இதனை முன்கூட்டிச் சொல்வது வழக்கம். ஆனால் எதனை ஏற்றுகின்றோம் என்று சொல்லாதபோது இதனை மட்டும் எவ்வாறு சொல்வது? ஊர் திரும்பிய தாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரவு முழுவதும் பேருந்தில் வந்த அசதி. சுபஹுக்கு வுளூச் செய்ய எழுந்து, கிணற்றடிக்குப் போகுமுன் மலசலகூடத்து வெளிச்சத்தில் அச்சிவப்பைக் காண்கின்றார். மகளை அழைக்கின்றார். “என்னடி மகள் எனக்கு ஏத்தினாங்க?” என்று கேட்கின்றார்.